முதல் நூறுக்கு வெளியே: பிரிட்டன் டென்னிஸ் வீராங்கனைகளைப் பின்தொடர்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலையில் விம்பிள்டன் முடிந்ததும் இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். முதல் சுற்றில் நன்றாக ஆடித் தோற்ற ஒரு பிரிட்டன் பெண்ணை டிவியில் பார்த்திருப்பார்கள், பெயர் மனதில் நின்றிருக்கும், அப்புறம் அடுத்த ஜூன் வரை அவர் எங்கே போனார் என்றே தெரியாது. அந்தப் பதினோரு மாதத்தைப் பற்றித்தான் இந்தப் பக்கம். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

டாப் 100-லயே இல்லாதவங்களை எதுக்குப் பார்க்கணும்?

நல்ல டென்னிஸ் என்பதால். உலகத்தில் 250-வது இடம் என்றால் 250-வது சிறந்த ஆட்டக்காரர் என்று அர்த்தம். வேறு எந்தத் தொழிலில் அந்த இடத்தில் இருப்பவரை "சுமார்" என்று சொல்வோம்? 30-வது இடத்துக்கும் 250-வது இடத்துக்கும் பந்து அடிப்பதில் உள்ள வித்தியாசம் நாம் நினைப்பதைவிடக் குறைவு, அதை வாரா வாரம் தொடர்ந்து செய்வதில்தான் வித்தியாசம் பெரிது.

இன்னொரு காரணமும் உண்டு. எம்மா ரடுகானு 2021 விம்பிள்டனுக்கு வந்தபோது 338-வது இடத்தில் இருந்தார். இரண்டு மாதம் கழித்து தகுதிச் சுற்றிலிருந்து (தரவரிசை போதாதவர்கள் பிரதான சுற்றில் இடம் பிடிக்க ஆடுவது) தொடங்கி, ஒரு செட் கூட விடாமல் பத்து ஆட்டம் ஜெயித்து யுஎஸ் ஓப்பன் கோப்பையைத் தூக்கினார். அது எல்லாருக்கும் தெரியும். அந்த ஜூனில் நாட்டிங்ஹாமில் ஆடிய அவருடைய முதல் டபிள்யூடிஏ (பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் உயர்நிலைத் தொடர்) ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்தது இன்னொரு பிரிட்டன் வீராங்கனை ஹாரியட் டார்ட் என்பது கீழ்நிலைப் போட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

டபிள்யூ15, டபிள்யூ35-ன்னு போடுறாங்களே, அது என்ன?

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, அதாவது ஐடிஎஃப், நடத்தும் பெண்கள் போட்டிகளின் படிகள். கீழிருந்து டபிள்யூ15, டபிள்யூ35, டபிள்யூ50, டபிள்யூ75, டபிள்யூ100. அந்த எண் கோப்பை வென்றவருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளி. டபிள்யூ15 ஜெயித்தால் 15 புள்ளி, இறுதியில் தோற்றால் 10, அரையிறுதி 6, காலிறுதி 3, முதல் சுற்று மட்டும் தாண்டினால் 1. ஒரு முழு வாரம் வேறொரு நாட்டில் தங்கி ஒரே ஒரு புள்ளியோடு திரும்புவது இங்கே சாதாரணம்.

பழைய செய்திகளில் டபிள்யூ25, டபிள்யூ60 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். 2024-ல்தான் பெயர்களை மாற்றினார்கள். இதற்கு மேலே டபிள்யூடிஏ 125, அப்புறம் 250, 500, 1000, உச்சியில் கிராண்ட் ஸ்லாம்.

யாரிலிருந்து ஆரம்பிக்கலாம்? நாலு பேர் சொல்லுங்க.

இன்றைய தரவரிசை நாளை மாறிவிடும், அதனால் எண்ணை வைத்துச் சொல்லாமல் ஆட்களை வைத்துச் சொல்கிறேன். ஹெதர் வாட்சன், குயர்ன்சி தீவுக்காரர், 2012-ல் ஒசாக்காவில் கோப்பை வென்றபோது 1988-க்குப் பிறகு டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் வென்ற முதல் பிரிட்டன் பெண், ஒருகாலத்தில் 38-வது இடம் வரை போனவர். அவ்வளவு உயரம் பார்த்துவிட்டு நூறுக்கு வெளியே இறங்கிய பிறகும் தகுதிச் சுற்றுகளில் வரிசையில் நின்று ஆடியவர். கேட்டி ஸ்வான், பிரிஸ்டலில் பிறந்து அமெரிக்காவின் கன்சாஸில் வளர்ந்தவர், காயங்களோடு நெடுங்காலம் போராடியவர். லிலி மியாசாகி, டோக்கியோவில் பிறந்தவர், 2023 யுஎஸ் ஓப்பனில் தகுதிச் சுற்றைத் தாண்டி வந்து பிரதான சுற்றிலும் ஒரு ஆட்டம் ஜெயித்தார்.

நாலாவதாக ஃபிரான் ஜோன்ஸ். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிறவியிலேயே வந்த ஒரு அரிய மரபணு நிலையால் இரண்டு கையிலும் கட்டைவிரலைத் தவிர மூன்று விரல்கள்தான், கால்களில் மொத்தம் ஏழு விரல்கள். விளையாட முடியாது என்று மருத்துவர்கள் சொன்ன பெண், சின்ன வயதிலேயே பார்சிலோனாவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, 2021 ஆஸ்திரேலிய ஓப்பன் பிரதான சுற்றுக்குத் தகுதிபெற்றார். அந்தச் செய்தி ஒரு வாரம் உலகம் முழுக்க ஓடியது, பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவர் மறக்கவில்லை, சின்னச் சின்னப் போட்டிகளாக ஆடிக்கொண்டே இருந்தார். 2025-ல் டபிள்யூடிஏ 125 கோப்பைகள் இரண்டை வென்று முதல் நூறுக்குள் வந்தார். நடுவில் இருந்த நான்கு வருடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நூறு என்ற எண்ணின் எடை தெரியும்.

டிவியில வரவே மாட்டேங்குது, ஸ்கோர் எங்கே பார்க்கிறது?

ஐடிஎஃப் இணையதளத்தில் புள்ளிக்குப் புள்ளி நேரடி ஸ்கோர் இலவசம். பல ஆட்டங்களுக்கு அங்கேயே நேரடி ஒளிபரப்பும் இருக்கும். கோர்ட்டுக்குப் பின்னால் ஆணியடித்தாற்போல் ஒரு கேமரா, வர்ணனை கிடையாது. பழகிவிட்டால் அதுதான் நன்றாக இருக்கும், ஷூ தேயும் சத்தமும் நடுவர் குரலும் மட்டும் கேட்கும். டபிள்யூடிஏ 125-லிருந்து மேலே எல்லாவற்றுக்கும் டபிள்யூடிஏ தளத்துக்குப் போங்கள்.

அன்றைய ஆட்டங்களின் வரிசை முந்தின நாள் மாலையில் வரும். அதில் "இத்தனை மணிக்கு முன்னால் இல்லை" என்று போட்டிருந்தால் அந்த மணிக்குத் தொடங்கும் என்று அர்த்தமில்லை, முந்தைய ஆட்டம் மூன்று செட் போனால் இன்னும் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போகும். அந்தந்த ஊர் நேரத்தில் போடுகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரைத் தேடினா கிடைக்கவே மாட்டேங்குது. ஆடுறாங்களா இல்லையா?

ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள், பாஸ்போர்ட் பெயரில் இருப்பார்கள். லிலி மியாசாகி பட்டியலில் யூரிகோ மியாசாகி. வேல்ஸின் ஸ்வான்சீயைச் சேர்ந்த மிமி ஷூ, மிங்கே ஷூ என்று இருப்பார். ஃபிரான் ஜோன்ஸ் பிரான்செஸ்கா. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றுபவர்களும் உண்டு, சமந்தா மர்ரே பின்னால் மர்ரே ஷரன் ஆனார். நாட்டுக் கொடியை வைத்துத் தேடினால் சுலபம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், குயர்ன்சி எல்லாருக்கும் ஒரே பிரிட்டன் கொடிதான்.

ஸ்கோர் 4-3ல அப்படியே நின்னு போச்சு, இருபது நிமிஷமா அசையலை. என்ன ஆச்சு?

பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நடுவர் கையிலிருக்கும் கருவியில் ஒவ்வொரு புள்ளியாக அழுத்துவதுதான் நமக்கு வருகிறது, இணைப்பு போனால் ஸ்கோர் நின்றுவிடும். மழை, மருத்துவ இடைவேளை, செட் முடிந்து உடை மாற்றப் போவது என்று வேறு காரணங்களும் உண்டு. திடீரென்று 4-3லிருந்து 6-3, 2-1 என்று குதித்தால் இணைப்புதான் பிரச்சினை. கடைசியில் "ரிடயர்ட்" என்று வந்தால் பாதியில் விலகிவிட்டார், "வாக் ஓவர்" என்றால் ஆட்டமே தொடங்கவில்லை.

போன வாரம் ஃபைனல் வரைக்கும் போனாங்க, ஆனா ரேங்கிங்ல இறங்கிட்டாங்க. இது என்ன நியாயம்?

ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயுள் 52 வாரம். போன வருடம் இதே வாரத்தில் டபிள்யூ35 கோப்பை வென்று 35 புள்ளி எடுத்திருந்தால், இந்த வாரம் அந்த 35 கழிந்துவிடும். இந்த வருடம் இறுதியில் தோற்று 23 வந்தால் கணக்கில் 12 நஷ்டம். நன்றாக ஆடியும் இறங்குவது இப்படித்தான். இதை "காப்பாற்ற வேண்டிய புள்ளிகள்" என்பார்கள். ஒருவரைத் தொடர்ந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் அவருடைய போன வருட அட்டவணையை ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் திங்கட்கிழமை தரவரிசை வரும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்.

என்ட்ரி லிஸ்ட்ல பேர் இருந்துச்சு, டிராவுல இல்லை. ஏன்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. என்ட்ரி லிஸ்ட் என்பது பெயர் கொடுத்தவர்களின் பட்டியல், டிரா என்பது யார் யாரோடு ஆடுவார்கள் என்ற இறுதி அட்டவணை. ஒரே வாரத்துக்குப் பல ஊர்ப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கலாம், எது முதல் விருப்பம் எது இரண்டாவது என்று வரிசைப்படுத்தி. எங்கே இடம் கிடைக்கும் என்பது தன்னைவிட மேலே இருப்பவர்களில் எத்தனை பேர் விலகுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் பட்டியலில் மூன்று நாட்டில் ஒரே பெயரைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம், கடைசியில் ஒரு இடத்தில்தான் ஆடுவார்.

பட்டியலில் "மாற்று" என்ற பகுதியில் ஏழாவதாக இருந்தால் ஏழு பேர் விலகினால்தான் உள்ளே வரலாம். விலகுவார்கள், ஆனால் எப்போது என்று தெரியாது. விமான டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்ற குழப்பத்திலேயே பல வீராங்கனைகளின் வியாழன், வெள்ளி போகிறது. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவருக்கு யாராவது விலகியதால் இடம் கிடைத்தால் அவர் "லக்கி லூசர்". பெயரில் லக்கி இருக்கிறது, ஆனால் அந்த இடத்துக்காக காலையிலிருந்து உடை மாற்றிக்கொண்டு காத்திருப்பது லேசான வேலை இல்லை.

எப்பவும் துனிசியா, எகிப்து, துருக்கின்னே போறாங்களே. ஊர்லயே ஆடக் கூடாதா?

ஊரில் இருந்தால் ஆடுவார்கள். பிரிட்டனில் கிளாஸ்கோ, சண்டர்லாந்து, ஷ்ரூஸ்பரி, லஃப்பரோ, நாட்டிங்ஹாம் என்று உள்ளரங்கப் போட்டிகள் நடக்கின்றன, ஜூனில் இல்க்லி, பர்மிங்ஹாம் பக்கம் புல்தரைப் போட்டிகள். ஆனால் வருடத்துக்கு 52 வாரம் இருக்கிறதே. துனிசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக், துருக்கியின் அன்தால்யா போன்ற இடங்களில் ஒரே ஹோட்டல் வளாகத்தில் வாரா வாரம் அடுத்தடுத்து டபிள்யூ15 நடக்கும். ஒருமுறை டிக்கெட் எடுத்துப் போனால் மூன்று வாரம் ஆடிவிட்டு வரலாம், முதல் வாரம் சீக்கிரம் தோற்றாலும் பயணச் செலவு வீணாகாது.

இதுல காசு வருமா?

கீழ்ப்படிகளில் வராது, போகும். டபிள்யூ15-ல் மொத்தப் பரிசே 15,000 டாலர், அதை ஒற்றையர், இரட்டையர் எல்லாருக்கும் பிரிக்க வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் கையில் வருவது 150 டாலர் அளவில்தான். ஹோட்டல், சாப்பாடு, ராக்கெட்டுக்கு நரம்பு போடுவது, பயிற்சியாளர் என்று பார்த்தால் ஒரு இரவுக்கே போதாது, அதனால்தான் பலர் பயிற்சியாளர் இல்லாமல் தனியாகப் போகிறார்கள். போட்டிப் பெயருக்குப் பக்கத்தில் "எச்" என்று இருந்தால் தங்குமிடம் தருகிறார்கள் என்று அர்த்தம், அது பெரிய உதவி.

இதோடு விம்பிள்டனை ஒப்பிட்டுப் பாருங்கள். 2025-ல் பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 66,000 பவுண்டு. ஒரு பிற்பகல் ஆட்டத்துக்கு வரும் அந்தப் பணம் அடுத்த ஒரு வருட வண்டியை ஓட்டும். ஜெர்மனி, பிரான்ஸ் கிளப் லீக்குகளிலும் காசு உண்டு, அந்த ஆட்டங்கள் தரவரிசையில் சேராது என்பதால் "இரண்டு வாரமாக ஆளைக் காணோம்" என்று நாம் நினைக்கும்போது அங்கே ஆடிக்கொண்டிருக்கலாம்.

அப்போ விம்பிள்டன் வைல்ட் கார்டுங்கிறது சும்மா குடுக்கிற பரிசுதானே?

வைல்ட் கார்டு என்பது தரவரிசை போதாதவருக்குப் போட்டி நடத்துபவர்கள் நேரடியாகக் கொடுக்கும் இடம். மேலே சொன்ன பணக் கணக்கைப் பார்த்தால் இந்தக் கோபம் புரிகிறது. 128 பேர் ஆடும் பிரதான சுற்றில் 104 பேர் தரவரிசைப்படி, 16 பேர் தகுதிச் சுற்றிலிருந்து, வைல்ட் கார்டுக்கு எட்டு இடம் வரை. அதில் பெரும்பங்கு பிரிட்டன்காரர்களுக்குப் போகும். பிரான்ஸும் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் தங்கள் மண்ணில் இதையேதான் செய்கின்றன.

என் கருத்து: அது ஒரு வாய்ப்பு, அதை வைத்து என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். ரடுகானுவுக்கு 2021-ல் முதலில் தகுதிச் சுற்றுக்குத்தான் வைல்ட் கார்டு கொடுத்தார்கள், பிறகுதான் பிரதான சுற்றுக்கு உயர்த்தினார்கள், நான்காவது சுற்று வரை போனார். அதே சமயம் ரோஹாம்ப்டனில் நடக்கும் தகுதிச் சுற்று எனக்கு இன்னும் பிடிக்கும். 128 பேர், மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் உள்ளே, 16 இடம். விம்பிள்டன் வாரத்தைவிட உயிரோட்டமான ஆட்டங்கள் பல அங்கே நடக்கின்றன, டிக்கெட்டும் மிக மலிவு.

டபுள்ஸ் மட்டும் ஆடுறவங்க சிங்கிள்ஸ்ல தோத்துப் போனவங்கதானே?

அப்படிச் சொல்லாதீர்கள். இரட்டையர் தனித் திறமை. 2022 நவம்பரில் கிளாஸ்கோவில் பெண்களுக்கான நாட்டு அணிகளின் போட்டியான பில்லி ஜீன் கிங் கோப்பை நடந்தபோது, அதுவரை பலருக்கும் பெயர் தெரியாத அலிசியா பார்னெட்டும் ஒலிவியா நிக்கல்ஸும் பிரிட்டனுக்காக இரட்டையர் ஆடினார்கள். ஸ்பெயினை 3-0 என்று சாய்த்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவுடனான அரையிறுதி 1-1 என்று நின்றபோது முடிவு அவர்கள் கையில் வந்தது. இரண்டு டைபிரேக், அப்புறம் கடைசிப் பத்துப் புள்ளி டைபிரேக் வரை இழுத்துத்தான் தோற்றார்கள். அரங்கம் முழுக்க எழுந்து நின்றது.

கிளாஸ்கோவின் மையா லம்ஸ்டனும் அப்படித்தான், நீண்டநாள் கோவிட் பாதிப்பில் ஆட்டத்தையே விட்டு விலகியிருந்து, திரும்பி வந்து இரட்டையரில் மேலே போனவர்.

அமெரிக்காவுக்குக் காலேஜ் படிக்கப் போயிட்டாங்களே, அவ்வளவுதானா?

முன்பு அப்படி நினைத்தார்கள். மேலே சொன்ன லிலி மியாசாகி ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் படித்து ஆடியவர், அலிசியா பார்னெட் நார்த் கரோலைனா ஸ்டேட். நான்கு வருடம் இலவசப் பயிற்சி, ஆட்டத்துக்கு ஆட்டம், கூடவே ஒரு பட்டம். பதினெட்டு வயதில் மொனாஸ்டிரில் தனியாக அறை எடுத்துத் தங்கிக் கடன் ஏற்றிக்கொள்வதைவிட அது பலருக்கு நல்ல வழி. செப்டம்பர் முதல் மே வரை அவர்கள் முடிவுகள் குறைவாகத் தெரியும், கோடையில் ஐடிஎஃப் போட்டிகளில் மறுபடி வருவார்கள்.

ஆறு மாசமா ஆளையே காணோம், ரிடயர் ஆயிட்டாங்களா?

அவசரப்பட வேண்டாம். காயம் என்று ஆறு மாதத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால், விலகியபோது இருந்த தரவரிசையைப் பயன்படுத்திக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான போட்டிகளில் நுழைய அனுமதி உண்டு. இதைச் சிறப்புத் தரவரிசை என்கிறார்கள். பட்டியலில் 600-வது இடத்தில் இருப்பவர் திடீரென்று பெரிய போட்டியின் தகுதிச் சுற்றில் தென்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பதினாறு வயசுல அவ்வளவு நல்லா ஆடுற பொண்ணு ஏன் வருஷத்துக்குக் கொஞ்சம் போட்டிதான் ஆடுது?

வயது விதி. பதினான்கு வயதுக்கு முன் தொழில்முறைப் போட்டியே ஆட முடியாது, அதன் பிறகு பதினெட்டு வரை வருடத்துக்கு இத்தனைதான் என்று வரம்பு, வயது ஏற ஏறக் கூடும். 2023-ல் ஆரஞ்சு பௌல் என்ற இளையோர் போட்டியை வென்ற ஹன்னா க்ளக்மன், 2024 யுஎஸ் ஓப்பன் சிறுமியர் பட்டம் வென்ற மிக்கா ஸ்டொயசவ்லியெவிச் எல்லாரும் இந்த வரம்போடு வளர்ந்தவர்கள்தான். அதனால் அந்த வயதில் தரவரிசை எண்ணை மூத்தவர்களோடு ஒப்பிடவே கூடாது.

முன்னாடி வேற நாட்டுக்கு ஆடினவங்களையும் பிரிட்டன்னு சேர்த்துக்கலாமா?

தாராளமாக. மியாசாகி 2022 வரை ஜப்பான் கொடி. நைக்தா பெய்ன்ஸ் லீட்ஸில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆடிவிட்டுத் திரும்பியவர். ஜோஹன்னா கோன்டா 2012-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து மாறி, 2017-ல் உலகின் நான்காவது இடம் வரை போனார். பிரிட்டன் அணித் தலைவியாக ஆன கியோதவோங்கின் பெற்றோர் லாவோஸிலிருந்து வந்தவர்கள். இதில் தூய்மை பார்க்க ஆரம்பித்தால் யாருமே மிஞ்சமாட்டார்கள்.

இந்தியாவுக்கு வருவாங்களா?

வருவார்கள். புனே, பெங்களூரு, குருகிராம் போன்ற ஊர்களின் ஐடிஎஃப் பட்டியல்களில் பிரிட்டன் கொடி அடிக்கடி இருக்கும். ரடுகானு 2019 டிசம்பரில் புனேயில் ஒரு கோப்பை வென்றார், அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டி ஸ்வான் தன் முதல் டபிள்யூடிஏ அரையிறுதியை எட்டியது நம் நுங்கம்பாக்கத்தில், 2022 சென்னை ஓப்பனில்.

நேர்ல போனா பேசலாமா? தோத்த அன்னிக்கு மெசேஜ் அனுப்பலாமா?

நேரில் போங்கள், சின்னப் போட்டிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே இருக்காது. உள்ளரங்கில் கோர்ட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு வலைதான். பந்து பொறுக்கிக் கொடுக்க ஆள் இருக்காது, அவர்களே நடந்துபோய் எடுத்து வருவார்கள். நல்ல ஷாட்டுக்குக் கை தட்டுங்கள், இரண்டு பேருக்கும். ஜெயித்தவரிடம் வெளியே பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லலாம், தோற்றவரை விட்டுவிடுங்கள்.

மெசேஜ் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். டபிள்யூடிஏவும் ஐடிஎஃபும் 2024-க்காக வெளியிட்ட கணக்குப்படி 458 வீரர், வீராங்கனைகளுக்குச் சுமார் 8,000 வசைப் பதிவுகள் போயிருக்கின்றன, அதில் நாற்பது சதவீதம் பந்தயத்தில் பணம் விட்டவர்களுடையவை. பிரிட்டன் வீராங்கனை கேட்டி போல்ட்டர் தனக்கு வந்த கொலை மிரட்டல்களைப் பற்றி 2025-ல் வெளிப்படையாகப் பேசினார். 300-வது இடத்தில் இருப்பவருக்கும் இதெல்லாம் வருகிறது, வடிகட்டித் தர ஆள் கிடையாது, ராத்திரி ஹோட்டல் அறையில் அவரே படிக்கிறார். அனுப்புவதானால் அடுத்த வாரம், நல்லதாக ஒரு வரி. பந்தயம் கட்டுகிறவர் என்றால் இந்தப் பெண்களின் பக்கமே வராதீர்கள்.

300-வது இடத்துல இருக்கிறவங்க மேலே வருவாங்களான்னு எதை வெச்சுச் சொல்றது?

கோப்பை எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. டபிள்யூ15-ல் நாலு கோப்பை வாங்கிக்கொண்டே அங்கேயே தங்கிவிடுபவர்கள் உண்டு. நான் பார்ப்பது: தன்னைவிட நூறு இடம் மேலே இருப்பவரோடு ஆடும்போது எப்படித் தோற்கிறார், மூன்றாவது செட் வரை இழுக்கிறாரா, மேல்படிப் போட்டியின் தகுதிச் சுற்றுக்குத் துணிந்து போகிறாரா, அல்லது புள்ளிக்காகப் பாதுகாப்பான ஊர்களிலேயே சுற்றுகிறாரா.

சோனே கார்ட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 விம்பிள்டனுக்கு 298-வது இடத்தில் வந்து, அந்த முறை பிரதான சுற்றுக்கு வைல்ட் கார்டு இல்லை, ரோஹாம்ப்டனில் மூன்று ஆட்டம் ஜெயித்து உள்ளே போய், தரநிலை பெற்ற சோரானா சிர்ஸ்தியாவை முதல் சுற்றிலேயே சாய்த்து மூன்றாவது சுற்று வரை ஆடினார். செப்டம்பரில் மறுபடி தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி ஒரு டபிள்யூடிஏ கோப்பை. ஊர், மேலே டபிள்யூ15 பற்றிச் சொன்னேனே, அதே மொனாஸ்டிர். அடுத்த வருடம் விம்பிள்டன் நான்காவது சுற்று, முதல் ஐம்பதுக்குள் இடம். 2024 ஜூனில் அவருடைய எண்ணை மட்டும் பார்த்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க முடியாது, ரோஹாம்ப்டனின் அந்த மூன்று ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அதனால் அடுத்த வாரத் தகுதிச் சுற்றுப் பட்டியல் வந்ததும் பிரிட்டன் கொடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், முதல் ஆட்டத்தில் எதிரே யார் என்று பாருங்கள், நேரம் இருந்தால் அந்த ஒரு ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள்.